சிவப்பு எழுத்து

விருத்தாசலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். செராமிக் கம்பெனியில் உடைந்த பீங்கான் கிழித்த கை சீழ்பிடித்து, காய்ச்சலில் கிடந்த ஒரு தொழிலாளியின் ரிப்போர்ட்டை வாங்க அவர் மனைவி வந்தார். தட்டணுக்கள் சரிந்து, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது; அளவு தவறிய எண்கள் என்பதால் இரண்டும் சிவப்பில் அச்சாகியிருந்தன. கிருமி ரத்தத்தில் பரவிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பார்த்ததுமே புரிந்தது.

“இங்க சிவப்பா இருக்குதே, என்னாங்க?”

“சாயங்காலம் டாக்டர் வந்ததும் காட்டுங்க” என்றேன். முடிவை நாங்கள் விளக்கக் கூடாதாம். எங்கள் முதலாளி போட்ட சட்டம். ‘உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சொல்ல என்ன சட்டம் வேண்டும்? அதைச் சொல்லாமல் ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தொழிலாளி உயிர் தப்பினார், சிறுநீரகம் தப்பவில்லை. போன வாரம் அந்த அம்மா வந்து கேட்டார்: “அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமாங்க?”

“தெரியும்ங்க.”

“அப்ப யாருக்குங்க சிவப்புல அடிச்சீங்க?”

இப்போது சிவப்பைப் பார்த்தால் சொல்லிவிடுகிறேன். முதலாளி முறைக்கிறார். முறைக்கட்டும். அந்த அம்மா என்னை முறைக்கக்கூட இல்லை.