கிளாக்கர் அண்ணையின் மலைச் சீசன்

அட்டையில் ஒட்டியிருந்த படத்தில் அவர் கழுத்தில் ரை கட்டியிருந்தார். உள்ளங்கை அளவு அட்டை, மேலே பிளாஸ்டிக் உறை, கழுத்தில் மாட்ட ஒரு நாடா. கம்பியில் தொங்கி மலைக்கு ஏறும் பெட்டியில் மார்கழி தொடக்கம் சித்திரை நடுப்பகுதி வரைக்கும் எத்தனை தரமும் ஏறி இறங்கலாம் என்று அது சொன்னது. அந்த ஊரில் எல்லோர் கழுத்திலும் அப்படி ஒன்று தொங்கியது. எல்லோர் படத்திலும் கம்பளித் தொப்பி, வெயிலில் தோலுரிந்த மூக்கு, ஒரு சிரிப்பு. இவருடைய படத்தில் எண்ணெய் வைத்து வாரிய தலை, நீலச் சட்டை, கோடு போட்ட ரை, சிரிக்க மறுத்த வாய். பனியில் சறுக்கத் தெரியாத, சறுக்க விரும்பாத, சறுக்குப் பலகையைக் கையால் தொட்டும் பார்த்திராத ஒரு மனிதர் தன் மாதச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கைக் கொடுத்து அதை வாங்கியிருந்தார். நாங்கள் அவரைக் கிளாக்கர் அண்ணை என்று கூப்பிட்டோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிசில் துன் ஏரிக்கு மேலே, தெரு முடிகிற இடத்தில் ஒரு மலையூர். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த மூன்று பேர், நானும் என் மாமா மகனான மச்சானும் கிளாக்கர் அண்ணையும், ஒரே ஹோட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவினோம். கூரைக்குக் கீழே ஒரே அறையில் படுத்தோம். அவர் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராகப் பதினொரு வருடம் கோப்பு எழுதியவர். மத்தியானத் தட்டுகள் கழுவி முடிய இரண்டரை மணியாகும். இரவுச் சாப்பாட்டு வேலைக்கு ஐந்தரைக்குத் திரும்ப நிற்க வேண்டும். நடுவில் கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தை அங்கே ‘சிம்மர்ஸ்டுண்ட’ என்பார்கள், அறைக்குப் போய்க் கிடக்கிற நேரம். நானும் மச்சானும் கிடந்தோம். அவர் கையிலிருந்த சவர்க்கார மணத்தைத் தேய்த்துப் போக்கினார், சட்டை மாற்றினார், ரை கட்டினார், தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். மூன்று மணிக்குப் பெட்டியில் ஏறுவார். உச்சியில் கொஞ்ச நேரம் நிற்பார். நாலரைக்குக் கீழே இறங்கிவிடுவார். பனி கொட்டினாலும், காய்ச்சல் காய்ந்தாலும்.

“கிளாக்கர் அண்ணை கந்தோருக்கு வெளிக்கிடுறார்,” என்பான் மச்சான், போர்வைக்குள்ளிருந்து. “கெதியாப் போங்கோ அண்ணை, சிவப்புக் கோடு அடிச்சிடுவாங்கள்.” நேரம் தப்பி வருகிறவர்களைப் பிடிக்கக் கொழும்புக் கந்தோர்களில் வரவுப் புத்தகத்தில் இழுக்கிற கோடு அது.

“பதினொரு வருசத்திலை நான் ஒருநாளும் கோட்டுக்குக் கீழ சைன் வைக்கேல்லை.”

“மேல உங்களுக்கு என்ன வேலை?”

“உனக்குக் கீழ என்ன வேலை?” என்று கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்துவார்.

எனக்கு அது விசர் வேலையாகத்தான் தெரிந்தது. பலகை இல்லாமல் சும்மா ஏறி இறங்குபவர்களுக்கு மலிவாக ஒரு நாள் ரிக்கற் இருந்தது. ஆசைக்குக் கிழமைக்கு ஒருதரம் போனாலும் அட்டை விலையில் பாதிகூட முடியாது என்று நான் அவருக்கு விளக்கினேன். கூட்டல் பிழைத்த கோப்பைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “நாள் ரிக்கற் எடுக்கிறவன் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு நிக்க வேணும், தம்பி. சீசன் வைச்சிருக்கிறவன் கேக்கத் தேவையில்லை. காட்டினால் சரி.”

இன்று லாங்கன்தாலில் என் வீட்டு மேசையில் ஒவ்வொரு இலையுதிர்காலமும் அதே கணக்கு நடக்கிறது. என் மகளும் அவள் கூட்டாளிகளும் நாள் அட்டையின் விலையைப் பருவ அட்டையின் விலையோடு வைத்துப் பார்க்கிறார்கள். எத்தனை சனிக்கிழமை போனால் கையைக் கடிக்காது, பனி பொய்த்தால் என்ன செய்வது, எந்த மலை நல்லது. நல்ல பிள்ளைகள், கணக்கும் சரியான கணக்கு. எனக்குத்தான் இருப்புக் கொள்ளாது. எழும்புகிறேன், சன்னலைத் திறக்கிறேன், குளிர் அடிக்கிறது என்று அவர்கள் கத்த மூடுகிறேன், திரும்பவும் திறக்கிறேன். காசுக்குப் பெறுமதியா என்று கேட்கிறார்கள். யாருடைய காசுக்கு, எந்தப் பெறுமதி? அந்தக் கேள்வியோடு எனக்கு ஒரு பழைய சண்டை இருக்கிறது, அதில் நான் சமாதானமாகப் போவதாக இல்லை.

காரணத்தை அவர் ஒரேயொரு முறைதான் சொன்னார், பின்கட்டில், ஒரு வாளி உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டு. வெள்ளவத்தையில் குடியிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயிலில் வேலைக்குப் போனவர். சட்டைப் பையில் எப்போதும் மாதச் சீசன் ரிக்கற். எண்பத்துமூன்றின் அந்த ஆடிக் கலவரத்தில், தமிழரைத் தேடி ஆட்கள் ரயிலுக்குள் ஏறினார்கள். “மற்றவை மற்றப் பக்கத்தாலை குதிச்சு ஓடினவை,” என்றார். “நான் சீசனை எடுத்துக் காட்டினன்.”

மச்சான் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான்.

“இன்னும் ஒன்பது நாள் கிடக்கு எண்டு சிங்களத்திலை சொன்னன். ரயில் கார்ட் பாத்துக்கொண்டு நிண்டவன். பதினொரு வருசம் காலமை காலமை என்னைக் கண்டவன். அவன் மற்றப் பக்கம் திரும்பினான். இவங்கள் என்னை இழுத்து இறக்கினாங்கள்.” அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை. இடது காதுக்குப் பின்னால் முடி முளைக்காத ஓர் இடம் அவருக்கு இருந்தது. “ஒன்பது நாள்,” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார்.

தை மாத முடிவில் அவருடைய விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. மறுப்பு. பங்குனி பிறப்பதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். அதற்கு முன் விரும்பினால் மேல்முறையீடு செய்யலாம். அவர் கடிதத்தைக் கட்டிலில் வைத்தார், பக்கத்தில் அட்டையை வைத்தார். கடிதம் மாசியோடு அவரை முடித்திருந்தது. அட்டை சித்திரை நடுப்பகுதி வரைக்கும் அவரை ஏற்றிக்கொண்டிருந்தது. “பாரிசுக்கு மாறுங்கோ அண்ணை,” என்றான் மச்சான். “எல்லாரும் அதைத்தானே செய்யினம்.” அவர் எழும்பினார். மணி மூன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு ரை கட்டினார்.

அவர் மேலே நின்ற அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கீழ் நிலையத்துக்கு ஓடி, அட்டை விற்கும் பெண்ணிடம் மிச்ச நாட்களுக்குக் காசு திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் விதித்தாளை எடுத்தார். விபத்து, நோய், மருத்துவர் கடிதம். “காலை முறித்துக்கொண்டாரா?” என்று அனுதாபத்தோடு கேட்டார். இல்லை, நாட்டை விட்டு அனுப்புகிறார்கள் என்றேன். அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தார், மெதுவாக, விரல் வைத்து. அதில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவருடைய காது மடல்கள் சிவந்துபோயின.

இறங்கி வந்தவருக்கு அந்தப் பெண் மூலம் அங்கேயே செய்தி தெரிந்துவிட்டது. “உன்னை ஆர் கேக்கச் சொன்னது?”

“காசு வீணாப் போகுது எண்டுதான் அண்ணை.”

“நான் செத்துப்போனனோ, என்ரை சீசனை நீ வித்துத் தர?” என்றார். பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அவர் கழுவிய தட்டை நான் துடைக்க வேண்டும். தட்டுகள் மட்டும் கைமாறின.

நாலாம் நாள் அட்டை விற்கும் பெண் அவரை மறித்தார். வீட்டில் தட்டச்சுப் பொறி இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதித் தந்தால் ஜெர்மனில் அடித்துத் தருகிறேன் என்றார். கிளாக்கர் அண்ணை எழுதினார். இலக்கமிட்ட பந்திகள், அடிக்கோடு, ஓரத்தில் இடம் விட்டு, பதினொரு வருடக் கை. ஏழாவது பந்தியில் தன்னுடைய மலைச் சீசன் எந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்று குறிப்பிட்டிருந்தார். அதை அந்தப் பெண் விட்டுவிடச் சொன்னார். இப்படி ஒரு காரணத்தை மேலிடத்தில் வாசித்தால் சிரிப்பார்கள், மற்றதையும் கெடுத்துவிடும் என்றார். “அப்படியென்றால் மற்ற ஆறு பந்தியும் வேண்டாம்,” என்று இவர் தாளைத் திருப்பி எடுக்கப் போனார். பெண் அதையும் சேர்த்தே தட்டச்சில் அடித்தார். அதன் பிரதியை நான் வாசித்திருக்கிறேன். செல்லுபடியான ரிக்கற்றோடு ஒருமுறை இறக்கப்பட்டவன், இன்னொரு முறை அதற்கு உடன்பட மாட்டேன், என்று முடிகிறது ஏழாவது பந்தி. தயவுசெய்து என்ற சொல் அதில் இல்லை.

மேல்முறையீடு கிடைத்தது என்று ஒரு வரித் துண்டு வந்தது, முடிவு வரும்வரை இருக்கலாம் என்று. எத்தனை நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. மச்சான் பொறுக்கவில்லை, பங்குனியில் பாரிசுக்குப் போனான், அவன் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. வாசலில் வாகனம் நின்றால் பொலிஸோ என்று நான் எட்டிப் பார்ப்பேன். அவர் மூன்று மணிக்கு ஏறினார், நாலரைக்கு இறங்கினார்.

பருவத்தின் கடைசி நாள் மழை பெய்தது. சரிவெல்லாம் பனி கரைந்து பழுப்புப் புல். ஊரில் ஒரு விருந்தாளி இல்லை. பெட்டியை ஓட்டுபவர் மாடு வளர்க்கிற உள்ளூர்க்காரர், குளிர்காலத்துக்கு மட்டும் இந்த வேலை. அன்றைக்கு நேரத்தோடு பூட்டிவிட்டுத் தொழுவத்துக்குப் போகப் பார்த்தார். கிளாக்கர் அண்ணை வாசலில் நின்றார். சுவரில் கிடந்த நேர அட்டவணையைக் காட்டினார், பிறகு கழுத்து அட்டையைக் காட்டினார். மனிதர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டார். நான் கீழே நின்று பார்த்தேன். அத்தனை நீளக் கம்பி, அத்தனை சில்லுகள், அத்தனை வெற்றுப் பெட்டிகள், எல்லாம் மழைக்குள் முனகி முனகி அசைந்தன, ஒரு பெட்டியில் மட்டும் ரை கட்டிய ஒருவர் நேராக நின்றுகொண்டு மேகத்துக்குள் போனார். ஒரு மலையே ஒரு மனிதருக்காகச் சுழன்றதை நான் என் கண்ணால் கண்டேன். அதை எந்த மேசையில் வைத்துக் கணக்குப் பார்ப்பது?

இறங்கி வந்தபோது ஓட்டுநர் கேட்டார்: “பலகை இல்லாமல் ஒரு குளிர்காலம் முழுக்க. பிரயோசனமா இது?”

இவர் தன் உடைந்த ஜெர்மனில், “நான் வராத ஒரு நாளைச் சொல்லு,” என்றார். மாட்டுக்காரர் உண்மையாகவே யோசித்தார். சொல்ல அவரிடம் ஒரு நாள் இருக்கவில்லை.

கோடை முடிகிற நேரம் அடுத்த பருவத்துக்கான அட்டையை முன்கூட்டியே விற்கத் தொடங்கினார்கள். மேலிடத்திலிருந்து ஒரு சொல் வரவில்லை. பதில் வரட்டும் அண்ணை, பிறகு எடுங்கோ என்று நான் கெஞ்சினேன்.

“பதில் வரேக்கை நான் மேல நிப்பன்,” என்றார். “அதைக் கீழ நிக்கச் சொல்லு.”

வாங்கினார். புதுப் படம், அதே ரை.

பதில் அடுத்த மாசியில் வந்தது, பிற்பகல் மூன்று மணி தாண்டி, பதிவுத் தபாலில். அன்றைக்கு நான் பின்கட்டில் மிச்சப் பானைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். தபால்காரர் கதவைத் தட்டி, கையெழுத்து வேண்டும், எங்கே அவர் என்றார். உறையின் மூலையில் மேலிடத்தின் முகவரி அச்சடித்திருந்தது. அவர் இந்த நாட்டில் இருக்கலாம் என்றுதான் உள்ளே எழுதியிருந்தது. ஆனால் அது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த நிமிடம் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தடித்த உறை, சப்பாத்து நிறையப் பனியோடு அவசரப்படுகிற ஒரு மனிதர். நான் நிலையத்துக்கு ஓடியிருக்கலாம். மேலே தொலைபேசி இருந்தது, கூப்பிட்டிருந்தால் அடுத்த பெட்டியில் இறக்கி அனுப்பியிருப்பார்கள்.

ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு மலையைக் காட்டினேன்.

“அங்கே நிற்கிறார்,” என்றேன். “நாலரைக்குத்தான் இறங்குவார். ஏலுமென்றால் காத்திருங்கள், இல்லையென்றால் நாளைக்கு வாருங்கள்.”

தபால்காரர் மலையைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், அரசாங்கத்தின் கடிதத்தைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.