சிவப்பு மையில் எழுதிய வரிகள்

நல்ல சேதி சொன்னால் வஹீதா என்கிற வஹீதுன்னிசா முகத்தில் சிரிப்பு வராது. "மாத்திப் போட்டுப் பார்த்தீங்களா?" என்பாள். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய நிரலைச் சோதிப்பது அவள் வேலை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாலே எழுதினவன் தன் நிரலை இன்னொரு தடவை திறந்து பார்ப்பான்.

தொண்ணூற்றாறில், லாரிக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குச் சம்பத் நிரல் எழுதினான். பாகத்தின் குறியீட்டைத் தொழிற்சாலை எழுதித் தரும் பட்டியலோடு ஒப்பிட்டு, அதற்கு என்ன சோதனை என்று அது சொல்லவேண்டும். B* என்றால் B-யில் தொடங்கும் எல்லாமே; கண்ணால் பார்த்து அனுப்பிவிடலாம். BH* என்றால் பிரேக் ஓஸ், அதாவது பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் மட்டும். எண்ணெய் அழுத்தம் கொடுத்துப் பார்த்தே தீரவேண்டும். ஓஸ் இரண்டிலுமே அடங்கும். அப்போது குறுகலாகச் சொன்ன BH* வரிதான் ஜெயிக்கவேண்டும். தோற்றால், சோதிக்காத ஓஸ் லாரியில் ஏறிவிடும். வஹீதாவின் தகப்பனார் நஜீர் லாரி ஓட்டுகிறவர்.

நிரல் எல்லாச் சோதனையிலும் தேறியது. "நாளைக்குக் காலைல அங்க போட்டுடலாம். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா," என்றார் முதலாளி பக்தவத்சலம். அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது தெருவில் நடந்த கல்யாண விருந்து ஞாபகம் வந்தது. தெரு முழுக்க "வீட்டுக்கு ஒருத்தர்" என்று அழைப்பு போகும். நெருங்கினவர்களுக்கு மட்டும் "வீட்டோட வந்துடுங்க" என்று தனி அழைப்பு. எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. தனியாகக் கூப்பிட்டதுதான் நிற்கும். சம்பத்தின் நிரலுக்கு இது தெரியுமா? தொழிற்சாலையில் ஆபத்தான பாகங்களைச் சிவப்பு மையில் பட்டியலின் தலையில் எழுதுவது வழக்கம். சம்பத்தும் அதே வரிசையில்தான் கொடுத்துச் சோதித்திருந்தான்.

டப்பாவை மூடிவிட்டு, வரிகளை எல்லா விதத்திலும் மாற்றிப் போட்டுப் பார்க்கும் சின்னச் சோதனை ஒன்றை எழுதினாள். இருந்தது ஐந்தே வரி. வரிசைகளோ நூற்றிருபது! கண்மூடித் திறப்பதற்குள் திரை முழுக்கத் தவறு, தவறு என்று ஓடியது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஐந்து வரிக்குள் இத்தனை வழிகளா? ஒன்று விடாமல் நுழைந்து பார்க்க இந்தப் பெட்டிக்கு இவ்வளவு நேரம்தானா? பசி போன இடம் தெரியவில்லை.

சம்பத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "இன்னா வஹீதா நீ! லிஸ்ட்டு எப்பவும் அப்டித்தான் வருது. எவன் கீழ் மேலா எழுதப் போறான்?"

"எழுதவே மாட்டாங்கன்னு சத்தியம் பண்ணுங்கண்ணே. எங்க அத்தா லாரி ஓட்டுறாரு."

சம்பத் நிரலைத் திறந்தான். நட்சத்திரம் போட்ட இரண்டு வரி ஒரே பாகத்துக்குப் பொருந்தினால், இரண்டும் சமம் என்று அது மேலே இருப்பதையே எடுத்துக்கொண்டிருந்தது. திருத்தினான். நூற்றிருபதும் சரியாக வந்த பிறகுதான் அவள் முதலாளியிடம் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

மறுநாள் தொழிற்சாலையில் குமாஸ்தா வேம்புலி பட்டியலை நீட்டினார். B*-க்கும் கீழே, கடைசியில், சிவப்பு மையில் ஒரு புது வரி: BX*, அழுத்தச் சோதனை.

"புது ஓஸ் வந்துகீது அண்ணாத்தே. மேல எடமில்ல, கீழ போட்டுகினேன்."

சம்பத் வஹீதாவைப் பார்த்தான். திருத்தாத நிரலாக இருந்தால் மேலே இருக்கும் B*-தான் ஜெயித்திருக்கும். பட்டியலை இருந்தபடியே ஏற்றினார்கள். முதல் BX ஓஸை நிரல் அழுத்த மேசைக்கு அனுப்பியது. அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போய், பாதி வழியில் ஓஸ் படாரென்று வெடித்தது. எண்ணெய் சுவரெல்லாம் தெறித்தது.

சட்டையில் வழிந்த எண்ணெயைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்ற சம்பத், மெதுவாகக் கேட்டான்.

"உங்க அத்தா இன்னிக்கு எந்தப் பக்கம் போயிகீறாரு?"

"பெங்களூர் ரோடு," என்றாள் வஹீதா.