சோல்வேயைக் கல்லூரிக்கு அனுப்ப மார்லிஸ் போட்ட திட்டம்

மார்லிஸ் ஹாக்லண்ட் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், எல்ம் ஃபால்ஸ் ஊரில் ஒரு கண் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். ஊரில் யாருக்கு எப்போது கண் பரிசோதனை என்று ஆறு மாதம் முன்னதாகவே முடிவு செய்கிற அதிகாரம் அவளுடையது. அந்த அதிகாரத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள் என்பது கணவன் டுவெய்னின் புகார். அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. மினசோட்டாக்காரன் அல்லவா, பெருமூச்சு விடுவதோடு சரி.

மகள் சோல்வே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த வாரமே பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கல்லூரி ஆலோசகர் எழுந்து, "இன்னும் நாலே வருஷந்தான் இருக்கு. கூட்டத்தோட கூட்டமா நின்னா காலேஜ்காரங்க கண்ணுலயே படமாட்டீங்க. எல்லாப் பிள்ளைங்களும் வயலின் வாசிச்சா, உங்க பிள்ளை வேற ஏதாவது வாசிக்கணும்" என்றார். மற்றவர்கள் காப்பியை உறிஞ்சியபடி கேட்டார்கள். மார்லிஸ் மூச்சுக்கூட விடாமல் கேட்டாள்.

அவள் மனதில் இருந்தது ஒரே கல்லூரி, ஹோல்ம்பெர்க். தெற்கே இரண்டு மணி நேரப் பயணம். குன்றின்மேல் செங்கல் கட்டடங்கள், நடுவே ஒரு மணிக்கூண்டு. பதினாறு வயதில் கோடைக்காலப் பாட்டு முகாமுக்காக ஒரு வாரம் அங்கே தங்கியிருக்கிறாள். அந்த வருஷமே அப்பா பண்ணையை விற்றார், கல்லூரிப் பேச்சு அத்தோடு நின்றுபோனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் அழுததில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் காரின் வேகம் மட்டும் தானாகக் குறையும்.

அடுத்த வாரம் சோல்வேயின் மடியில் ஒரு பஸ்ஸூன் இருந்தது. கிட்டத்தட்ட ஆள் உயரக் குழல் வாத்தியம். அதிலிருந்து ஒழுங்கான சத்தம் வரவழைக்கவே ஒரு வருஷம் ஆகும். மார்லிஸ் கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. என்ன செய்வது, அந்தக் கூட்டத்துக்கு வந்த மற்ற அம்மாக்களும் கெட்டிக்காரிகளாக இருந்து தொலைத்தார்கள். அந்த வருஷம் பள்ளி பேண்டில் ஐந்து பஸ்ஸூன்கள் சேர்ந்தன, புல்லாங்குழல் வாசிக்க ஆளே இல்லை. கிறிஸ்துமஸ் கச்சேரியின் நடுவில் டுவெய்ன் மெல்லக் குனிந்து, "இது என்ன பாட்டு?" என்று கேட்டான்.

"பேசாம கேளு. நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இல்லைன்னு நான் சொன்னேனா? என்ன பாட்டுன்னுதான் கேட்டேன்."

பத்தாம் வகுப்பு, கல்லூரி விண்ணப்பத்தில் எழுதிக்காட்ட, சமூக சேவைக்கு என்று ஒதுக்கப்பட்டது. முதியோர் இல்லத்தில் ஞாயிறுதோறும் சோல்வே செய்தித்தாள் படித்துக் காட்டினாள். கேட்டவர்கள் தலைப்புச் செய்தியிலேயே தூங்கிப்போனார்கள். அவர்களைத் தூங்கவைத்ததும் சேவைதான் என்று மார்லிஸ் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். பிறகு விவாதக் குழு வந்தது. சோல்வே வாயே திறக்காத பெண், இருந்தும் அதற்குத் தலைவியானாள், மற்ற யாரும் அந்தப் பதவியை ஏற்க முன்வராததால். பெண் எதற்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுவே மார்லிஸுக்குப் பெரிய தைரியம்.

பதினொன்றாம் வகுப்பில் கல்லூரி பார்க்கும் படலம். ஹோல்ம்பெர்க்கில் சுற்றிக்காட்டிய மாணவன், அந்த வேலையின் வழக்கப்படி, வந்தவர்களைப் பார்த்துப் பின்னோக்கியே நடந்தபடி பேசிக்கொண்டு வந்தான். நூலகம் எப்போது மூடும், சாப்பாட்டில் கறிகாய் உண்டா, விடுதியில் சலவை இயந்திரம் எத்தனை என்று மார்லிஸ் கேட்டுக் கேட்டு, பாவம், அவனை ஒரு விளக்குக் கம்பத்தில் மோதவைத்துவிட்டாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அவன் சோல்வேயின் பக்கம் திரும்பினான்.

"உனக்கு ஏதாவது கேக்கணுமா?"

"இவ்ளோ கட்டடத்தையும் குளிர்காலத்துல எது சூடாக்குது?"

அவனுக்குத் தெரியவில்லை. மார்லிஸ் மகளின் முழங்கையைக் கிள்ளினாள். "கேக்கறதுக்கு வேற கேள்வியே கிடைக்கலையா உனக்கு?"

பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் கல்லூரியின் நேர்காணல் வந்தது. ஹோல்ம்பெர்க்கின் பழைய மாணவர் ஒருவர் காப்பிக் கடையில் சந்தித்துப் பேசிவிட்டு, கல்லூரிக்குத் தன் கருத்தை எழுதி அனுப்புவார். வந்தவர் கஸ்டெல்லானோ, பல் டாக்டர், நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்து இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர். பெற்றோர் கூட இருக்கக் கூடாது என்பது விதி. மார்லிஸ் கூட இல்லை. பக்கத்து மேசையில் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

டாக்டர் பிஸ்கட் தட்டை நகர்த்தினார். "எடுத்துக்கம்மா."

"வேண்டாங்க."

அவர் அதை உண்மை என்று நம்பிவிட்டார், தானே எடுத்துக் கடித்தார். மார்லிஸ் பத்திரிகைக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஊரில் எதையும் முதல் தடவை நீட்டினால் வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கையை நீட்டலாம். தொட்டிலிலிருந்தே சோல்வேக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் அவளேதான்.

"விவாதக் குழுவுக்கு நீதான் தலைவியாமே?"

"சும்மா பேருக்குங்க. பேசறது எல்லாம் மத்தவங்க."

"பஸ்ஸூன் நாலு வருஷமா வாசிக்கறியாம்?"

"ஏதோ சுமாரா. அஞ்சு பேர் இருக்கோம், என் சத்தம் தனியாக் கேக்காது."

"முதியோர் இல்லத்துல சேவை பண்ணியிருக்க?"

"அவங்க தூங்கிடுவாங்க."

டாக்டர் பேனாவை மூடினார். நான்கு வருஷத் திட்டம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. தன்னைத்தானே மெச்சிக்கொள்வது போகட்டும், பெற்ற பெண்ணை மெச்சினால்கூட ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மார்லிஸ் பிறந்ததிலிருந்து அந்தத் தப்பைச் செய்ததில்லை. காது மடல் சிவக்க எழுந்தாள்.

"மன்னிக்கணும் டாக்டர். நான் இவளோட அம்மா."

"தெரியும். அரை மணி நேரமா உங்க கையில பத்திரிகை தலைகீழா இருக்கே."

"எங்க ஊர்ல மூணு தடவை கேக்கணும் டாக்டர். ஒரு தடவை கேட்டா எதுவும் வராது. இவ ரொம்ப..." பத்திரிகையைச் சுருட்டினாள். "இவ ரொம்பக் கெட்டிக்காரப் பொண்ணு. இன்னும் ஒரு தடவை கேளுங்க. தயவுபண்ணி."

சோல்வே மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் தேடினாள். டாக்டர் சிரித்துவிட்டு, பேனாவைத் திறந்தார். "சரி, மூணாந்தடவையாவே வெச்சுக்க. உனக்கு நிஜமா எது பிடிக்கும்? எதைப் பத்தி வேணாலும் சொல்லு."

அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு பிஸ்கட்டைப் பார்த்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள்.

டுவெய்ன் வீடுகளுக்குச் சூடு கொடுக்கும் ஃபர்னஸ்களைப் பழுதுபார்ப்பவன். சனிக்கிழமைகளில் அவனோடு வேனில் போய் சோல்வே டார்ச் பிடிப்பாள். கைச்செலவுக்காகப் போகிறாள் என்றுதான் மார்லிஸ் நினைத்திருந்தாள். டார்ச் பிடித்த பெண்தான் இப்போது இரண்டு வருஷமாகப் பாதி ஃபர்னஸ்களைப் பிரித்து மாட்டுகிறாளாம். போன ஜனவரியில் கைக்குழந்தை இருந்த ஒரு வீட்டில் ஃபர்னஸ் நின்று, என்ன செய்தும் ஓடாமல் போனபோது, காற்று எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று காதை வைத்தே கண்டுபிடித்தாளாம். மறுபடி சூடு வந்ததும் அந்தக் குழந்தையின் அம்மா கோட்டைக் கழற்றியதைச் சொல்லும்போது, சோல்வேயின் கைகள் மேசைக்குமேல் பறந்தன. பெரிய கட்டடங்களை, பிறகு ஒரு ஊரையே, குறைந்த எரிபொருளில் சூடாக்கப் படிக்க வேண்டும் என்றாள். இவ்வளவு வார்த்தைகளை அந்த வாயிலிருந்து மார்லிஸ் கேட்டதே இல்லை.

"பிரமாதம்," என்றார் டாக்டர். பிறகு தயங்கினார். "ஆனா கண்ணு, அது இன்ஜினியரிங். ஹோல்ம்பெர்க்ல அது கிடையாதே."

"தெரியுங்க," என்றாள் சோல்வே.

வீட்டுக்குப் போகும் வழியில் மார்லிஸ்தான் காரை ஓட்டினாள். எது எதையோ கேட்டவள், பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்கவில்லையே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

"தெரிஞ்சே ஏன்டி இத்தனையும் பண்ணின? அந்தக் குழலை வேற தூக்கிக்கிட்டு?"

"நீ சந்தோஷமா இருந்தியேம்மா. அந்தக் காலேஜ் படியில ஏறினப்ப உன் மூஞ்சியை நீ பாக்கலை, நான் பாத்தேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

மார்லிஸ் கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்தால் தெரிந்துவிடும். "இன்ஜினியரிங் எங்க இருக்கு?"

"ஸ்டேட் யுனிவர்சிட்டியில. ஜனவரி வரைக்கும் அப்ளை பண்ணலாம்."

"அங்க என்ன சொல்லித்தருவாங்க?"

சோல்வே சொல்ல ஆரம்பித்தாள். வெப்பம், அழுத்தம், குழாய்கள், தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர். மார்லிஸுக்குப் பாதிக்குமேல் புரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. பெண் இன்னும் பேசிக்கொண்டே இருந்தாள். மார்லிஸ் திரும்புவதற்கான விளக்கைப் போடவில்லை, திரும்பவும் இல்லை. காரை நேராக விட்டாள்.