குனிந்தால் மட்டும் வந்த வாசனை

கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடுதான் தங்கும் என்று பள்ளியிலேயே படித்தவள் நான். அது மண்டையில் உறைத்தது போன மழைக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆவடி பக்கம் வெள்ளானூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், உருண்டு ஓடிய வெங்காயத்தை எடுக்கக் குனிந்தேன். குப்பென்று கேஸ் வாசனை. நிமிர்ந்தால் ஒன்றுமில்லை. மறுபடி குனிந்தேன், இருந்தது.

அம்மா அதே சமையலறை மூலையில், தரையில் இருக்கும் குத்துவிளக்கை ஏற்றத் தீப்பெட்டியும் கையுமாக நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"இன்னாடி இது, குனிஞ்சா ஒரு வாசன, நின்னா ஒரு வாசனயா? ஜன்னல் தொறந்துதான கீது."

"தீப்பெட்டிய வெச்சிட்டு வெளிய வாம்மா. சுவிட்ச் எதையும் தொடாத."

என் குரலில் என்ன இருந்ததோ, தீப்பெட்டியை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியைப் போட்டு அழுத்தினேன். பின்கதவைத் திறக்கப் போனபோதுதான் கவனித்தேன். மழைத் தண்ணீரும் பூரானும் வராமலிருக்க, கதவுக்கு அடியில் பழைய சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மழைக்கு இதுதான் ஏற்பாடு. ஜன்னல் திறந்திருந்து என்ன பயன்? கேஸ் வெளியேற இருந்த ஒரே இடுக்கை நாங்களே அடைத்து வைத்திருந்தோம். சாக்கை உருவிக் கதவை அகலத் திறந்துவிட்டு நானும் வெளியே ஓடினேன்.

அன்று மதியம் மாட்டிய சிலிண்டர். அதன் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷர் விரிசல் விட்டிருந்ததாம். மெக்கானிக் வந்து மாற்றி, சோப்பு நுரை தடவிக் குமிழி வரவில்லை என்று காட்டிவிட்டுப் போனார். தாமதமாக ஏற்றிய விளக்கின் முன்னால் அம்மா என் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தெருவே தங்கள் தங்கள் சமையலறையில் குனிந்து மோப்பம் பிடித்தது. எதிர்வீட்டு அக்கா வந்து, "உன்னால எங்க மாமியார்கூட தவழ்ந்துகினு கீறாங்க" என்றார்.

வாசனை வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று இப்போதெல்லாம் நான் நினைப்பதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சமையலறைச் சுவரில், தரையை ஒட்டி ஒரு காற்றுத் துளை போடப் போகிறோம். எலி வராமல் வலை அடிப்பேன் என்றதும்தான் அம்மா சம்மதித்தார். டிரில்லைத் தானே பிடிப்பதாக அப்பா சொல்கிறார். அந்தத் துளையை மட்டும் என் கையால் போட்டுவிட வேண்டும்.