கூரை போட்ட கருவாட்டுக் களம்

சட்டமன்றக் கமிட்டி வியாழக்கிழமை தூத்துக்குடிக்கு வருகிறது என்று திங்கள் காலை தகவல் வந்தது. நான் அப்போது மீன்வளத் துறையின் நலத்திட்டப் பிரிவில் சூப்பிரண்டு. அரசு செலவழித்துக் கட்டியது மக்களுக்குப் பயன்படுகிறதா என்று எம்.எல்.ஏ.க்கள் நேரில் பார்க்கிற கமிட்டி அது. அவர்கள் பட்டியலில் எங்கள் துறைமேல் தணிக்கைக்காரர்கள் எழுதிய குறை, ஆடிட் பாரா, ஒன்றும் இருந்தது: புன்னைக்காயலைத் தாண்டி ஒரு கடற்கரை ஊரில் பெண்களுக்காகக் கட்டிய மீன் உலர்களம் பூட்டியே கிடக்கிறது.

மூன்று வருடமாக அதற்கு ஒரே பதில்தான் போனது. "மகளிர் குழுவினருக்கு உரிய விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டு வருகிறது." எழுதியது நான்தான். முதல் வருடம் யோசித்து எழுதினேன். பிறகு தேதியை மட்டும் மாற்றினேன். களத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"அதே பதிலப் போட்டுருங்கம்மா. புதுசா எழுதப் போயி வம்பாயிரும்," என்றார் எங்கள் அதிகாரி.

எனக்கு மனசு கேட்கவில்லை. 'நீங்க போய்ப் பார்த்தீங்களா' என்று கமிட்டியில் கேட்டால் என்ன சொல்வது? செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

சிமெண்டுத் தளம், சுற்றுச்சுவர், கதவில் பூட்டு. அதை ஒட்டி வெறும் மணலில் ஒரு பெண் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தார். மகளிர் குழுத் தலைவி ரெஜினா. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

"ஏம்மா, இவ்வளவு நல்ல களத்தப் பூட்டிட்டு மண்ணுல காயப் போடுதிய?"

"அக்கா, கொஞ்சம் மேல பாருங்க."

பார்த்தேன். களம் முழுக்கத் தகரக் கூரை.

"வெயிலு விழாம கருவாடு எப்படிக்கா காயும்? கட்டும்போதே சொன்னோம். பிளான்ல அப்படித்தான் இருக்குன்னுட்டாவ. இதுல எங்களுக்கு விழிப்புணர்வு இல்லன்னு வருசா வருசம் கூட்டம் வேற போடுதாவ."

அந்த வார்த்தை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. "என்ன செஞ்சா உள்ள வருவிய?" என்று மட்டும் கேட்டேன்.

"பாதிக் கூரையக் கழத்துங்க. மீதி கெடக்கட்டும். மழை வந்தா அள்ளிப் போட எடம் வேணும்லா."

மறுநாள் அதை அப்படியே பதிலாக எழுதினேன். முந்தைய பதில்கள் நேரில் பார்க்காமல் எழுதப்பட்டவை என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதிகாரி அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"இதுக்கு நாந்தானம்மா திட்டு வாங்கணும்?"

"எழுதுனது நான் சார். நானே நின்னு சொல்லுதேன்."

பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை களத்தில் நின்றபடியே கமிட்டித் தலைவர் பதிலை வாசித்தார். "பார்க்காம எழுதுனது யாரு?"

கை தூக்கினேன்.

"மூணு வருஷமா இந்தப் பொம்பளைங்க மேல பழியப் போட்டிருக்கீங்க. தெரியுதா?"

"தெரியுது சார்."

அதற்கு மேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ரெஜினாவைக் கூப்பிட்டு முழுதும் கேட்டார். பிறகு அண்ணாந்து தகரத்தைப் பார்த்தவர் சிரித்தேவிட்டார். அருகில் நின்ற, களத்தைக் கட்டிய இன்ஜினீயருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு மாசத்துல அவங்க சொன்னபடி செஞ்சு, போட்டோவோட கமிட்டிக்கு அனுப்புங்க," என்றார் தலைவர்.

புதிதாக செக்‌ஷனுக்கு வருகிறவர்களிடம் ஓய்வு பெறும்வரை ஒன்றைத்தான் சொல்லிவந்தேன்: பார்க்காத இடத்துக்குப் பதில் எழுதாதீர்கள்.

அந்த இரண்டு மாதத்துக்குள் கூரை பாதி இறங்கியதும் போட்டோ எடுக்க நானே போனேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு அடி வைத்ததும் ரெஜினா சத்தம் போட்டார்.

"அக்கா! செருப்பக் கழத்திட்டு வாங்க. கால் வைக்க எடமில்லாம காயப் போட்டிருக்கோம்லா!"