நெகட்டிவ் என்று சொன்ன ஞாயிறு

அக்காவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்வதில்லை. லண்டனின் ஒரு மூலையில் அவள் மனோர் பார்க்கில், மறு மூலையில் நான் ஹரோவில். ஞாயிறுதோறும் ரயில் மாறிப் போய் அவள் முகத்தைப் பார்த்து வந்தால்தான் எனக்கு அந்தக் கிழமை நகரும். சின்னத் தடிமன், சளி தொற்றினாலே அவளுக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் புறப்படுமுன், பார்மசியில் வாங்கிய ஃப்ளூ டெஸ்ட்டைச் செய்துவிடுவேன்.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு எழும்பும்போதே முதுகு உளைந்தது. தொண்டையில் கரகரப்பு. ஆனால் அவள் ஆசைப்பட்ட இடியப்பமும் சொதியும் கொண்டுவருவதாக முதல்நாளே அவளிடம் சொல்லியாயிற்று. மூக்கைக் குடைந்து, அட்டையில் துளி விட்டு, உட்கார முடியாமல் குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்தேன். ஒரு கோடுதான் விழுந்தது. நெகட்டிவ் வந்தாலும் ஃப்ளூ இல்லை என்று நம்பிவிட முடியாது என்று பெட்டிக்குள் இருந்த தாளில் எழுதியிருந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"உனக்கு எப்பிடி இருக்கு?"

"நெகட்டிவ், அக்கா."

"அப்ப வாவன்."

நான் போய் வந்த மூன்றாம் நாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஃப்ளூதான் என்று ஆய்வுகூடத்தில் உறுதியானது. அதற்குள் எனக்கும் உடம்பு அனலாய்க் கொதித்தது. யார் மேலாவது பழியைப் போட வேண்டியிருந்தது. மூக்குத்தியின் உள்பக்கச் சுரை குத்துமென்று அன்றைக்கு ஒரு பக்க மூக்கை மட்டும் குடைந்திருந்தேன். அதுதான் பிழை என்று பிடித்துக்கொண்டேன். மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பக்கமும் கண்ணீர் வரக் குடைந்தேன். அப்போதும் ஒரே கோடு. இருமல் நெஞ்சைப் பிளக்கிறது, அட்டை எனக்கு ஒன்றுமில்லை என்கிறது. எடுத்துக் குப்பைக்குள் எறிந்தேன். அதன் மேல் கோபப்பட எனக்கு நியாயமும் இல்லை. தான் தவறக்கூடும் என்று அது முதலே சொல்லியிருந்தது.

காய்ச்சல் முற்றாக விட்ட பிறகு முகக்கவசத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸிலோ கிளினிக்கிலோ தொற்றியிருக்கலாம் என்று அத்தான் எனக்காகச் சமாதானம் சொன்னார். நான் கட்டிலோரம் நின்று, டெஸ்ட் பிழையாகக் காட்டிவிட்டது என்று மறுபடி மறுபடி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒட்சிசன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள். குரலில் கோபமே இல்லை.

"நான் டெஸ்ட்டைக் கேக்கேல்லையடி. உனக்கு எப்பிடி இருக்கு எண்டுதான் கேட்டனான்."