முதல் படத்தில் தெரியாது

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலும்பு டாக்டர் மட்டும் எக்ஸ்ரேம்மா என்பார். பத்தொன்பது வருஷமாக அதே அறை, அதே ஈயக் கண்ணாடித் தடுப்பு, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கை, கால், முதுகு. கதவைத் தாண்டி ஒருவர் வைக்கிற நாலு அடியிலேயே எலும்பு உடைந்திருக்கிறதா, வெறும் வீக்கமா என்று சொல்லிவிடுவாள். கட்டுப்போடும் அறை நர்ஸ் அவளோடு டீக்குப் பந்தயம் கட்டித் தோற்றுத் தோற்றுக் கடைசியில், "அக்கா, உங்க கண்ணுலயே மெஷின் இருக்கு. அந்தப் பெரிய மெஷினைத் தூக்கி எடைக்குப் போட்டுடலாம்" என்று பந்தயத்தையே நிறுத்திவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆஸ்பத்திரியின் நீளமான வராந்தாவில், அந்த நர்ஸ் கண்ணில் படாமல், நொண்டாமல் நடந்து பழகிக்கொண்டிருந்தாள்.

வலது பாதம். இரண்டாவது விரலுக்கு நேர் மேலே, சட்டைப் பொத்தான் அளவு இடம். அழுத்தினால் சுருக்கென்று ஏறியது. அவள் பேர் கொடுத்திருந்த ஓட்டப் பந்தயத்துக்கு இன்னும் ஐந்தே வாரம். இருபத்தோரு கிலோமீட்டர்.

அவள் ஓட ஆரம்பித்தது முப்பத்தொன்பது வயதில். மாடி வீட்டில் குடியிருக்கும் கொழுந்தன்தான் காரணம். செல்போன் கடையில் வேலை, ஆனால் வாயைத் திறந்தால் ஓட்டம்தான். இரண்டு வருஷமாக அவன் அடிப்பாகம் காகிதம் போல இருக்கிற மெல்லிய ஷூதான் போடுகிறான். "அண்ணி, எப்படி ஓடணும்னு காலுக்குத் தெரியும். நாமதான் அதுக்கு மெத்தை விரிச்சுத் தூங்க வச்சிட்டோம்" என்பான். அவள் பிறந்தநாளுக்கு அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தான். அவள் கணவர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், அதைக் கையில் எடுத்து இரண்டாக மடித்துப் பார்த்துவிட்டு, "என்னடா இது, உள்ள வைக்கிற அட்டையை மட்டும் குடுத்துட்டு ஷூவைக் கடையிலயே மறந்துட்டு வந்துட்டியா" என்றார்.

கொழுந்தன் ஒழுங்காகத்தான் சொன்னான். முதல் மாதம் வீட்டுக்குள் மட்டும் போட்டு நடக்க வேண்டும், பிறகு ஒரு கிலோமீட்டர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. முழுசாக மாற ஒரு வருஷம். அவன் அப்படித்தான் மாறினான். அவள் மூன்று வாரத்தில் மாறிவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதல் நாளே அந்த ஷூ அவளுக்கு என்னவோ செய்துவிட்டது. தரையின் சின்னச் சின்ன மேடு பள்ளம்கூடப் பாதத்துக்குத் தெரிந்தது, உடம்பு பாதி எடையாகிவிட்டது போல இருந்தது, வாட்சைப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு இருபது விநாடி குறைந்திருந்தது. போன வருஷம் அதே பந்தயத்தை முடிக்க அவளுக்கு இரண்டு மணி பதினோரு நிமிஷம் ஆனது. இந்த வருஷம் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று வாய் தவறிச் சொன்னாள். கொழுந்தன் உடனே ஓட்டக் குழுவின் வாட்ஸப்பில், எங்க அண்ணி இந்தத் தடவை ரெண்டு மணிக்குள்ள, எல்லாரும் வழி விடுங்க என்று போட்டுவிட்டான். அறுபத்து மூன்று பேர் கைதட்டினார்கள். பத்தொன்பது வருஷமாக மற்றவர்களின் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தவளை அறுபத்து மூன்று பேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் அவள் யாருக்கும் படம் எடுத்ததில்லை. எலும்பு டாக்டரின் சொந்த மச்சானையே "சீட்டு கொண்டாங்க சார்" என்று திருப்பி அனுப்பியவள். இப்போது கதவைத் தாழ் போட்டு, மேஜை மேல் ஏறி உட்கார்ந்து, தன் பாதத்தைத் தகட்டின் மேல் பதிய வைத்து, சுருள் வயரில் தொங்கும் பொத்தானைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டின மட்டும் இழுத்து, தானே அழுத்தினாள்.

திரையில் பாதம் வந்தது. ஐந்து நீள எலும்பும் வரிசையாக, வழுவழுவென்று. பெரிதாக்கிப் பார்த்தாள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று படத்தை அழித்தாள். அன்று சாயங்காலமே எட்டு கிலோமீட்டர் ஓடினாள்.

மறுநாள், போலீஸ் பயிற்சியில் கால் வலித்து வந்த ஒருவரின் படத்தைப் பார்த்துக்கொண்டே எலும்பு டாக்டர் சொன்னது அடுத்த அறையிலிருந்த அவள் காதில் விழுந்தது. "தொடர்ந்து ஓடி ஓடி வர்ற மெல்லிசான விரிசல் முதல் படத்துல தெரியாது தம்பி. ரெண்டு மூணு வாரம் ஆகும். சுத்தமா இருக்குன்னு நம்பி ஓடிடாதீங்க."

இதை அவர் சொல்லி அவள் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். எத்தனையோ பேருக்கு அவளே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். பாதத்தைத் தகட்டில் வைத்தபோதும் அது தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவளைப் பிடித்து ஆட்டின. காலையில் எழுந்து தரையில் கால் வைப்பதற்கு முன்பே கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்ப்பாள். வலி இல்லாவிட்டால், சரியாக அழுத்தவில்லையோ என்று இன்னும் பலமாக அழுத்துவாள். அப்போது வலிக்கும். வலித்தது எலும்பா, அழுத்தியதாலா என்று அன்றைக்கு முழுவதும் அதே யோசனை. நோயாளியின் முழங்காலைத் திருப்பி வைக்கும்போதுகூட மனசு தன் செருப்புக்குள்தான் இருந்தது. ஒரு நாள் இடது கைக்குப் பதிலாக வலது கையைப் படம் எடுத்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

யாரிடமும் சொல்லாமல் குறியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு மணி வேண்டாம், இரண்டு மணி ஐந்து போதும். பிறகு, போன வருஷ நேரமே போதும். பிறகு, முடித்தால் போதும். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் அரை நாள் நிம்மதி கிடைத்தது, அவ்வளவுதான். பாதத்தோடு பேரம் பேசினால் அது கேட்குமா?

கணவர் கண்டுபிடித்துவிட்டார்.

"கால் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் படியில ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் சேத்து வச்சு எறங்குற? கல்யாணப் பொண்ணு மாதிரி."

"படம் எடுத்தாச்சுங்க. ஒண்ணும் இல்ல."

"யாரு பாத்தாங்க?"

"நான்தான்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீயே எடுத்து, நீயே பாத்து, நீயே பாஸும் போட்டுக்கிட்டியா. என் பஸ்ஸுக்கு பிரேக் நல்லாருக்குன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டா, நீ அதுல ஏறுவியா?"

"ஏங்க, சும்மா இருங்களேன்."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

பந்தயத்துக்கு இரண்டரை வாரம் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தனோடு பதினான்கு கிலோமீட்டர் ஓடப் போனாள். ஆற்றோரச் சாலை, விடிந்து ஒரு மணி நேரம். மெல்லிய ஷூவில் ஓடுகிறவர்களின் காலடி பட் பட்டென்று ஒரே சீராகக் கேட்கும். நாலாவது கிலோமீட்டர் தாண்டியதும் கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, ஒரு கால் சத்தம்தான் வருது."

"என்ன?"

"இடது கால் கேக்குது. வலது காலைக் காணோம். பூனை மாதிரி வைக்கிறீங்க."

"பேசாம ஓடு."

"வலிக்குதா?"

"பேசாம ஓடுன்னு சொன்னேன்ல."

இன்னும் முப்பது அடி ஓடியிருப்பாள். பிறகு நின்றாள். நின்ற இடத்திலேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றாமல், பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் அண்ணனுக்குப் போன் போட்டான். கணவர் ஸ்கூட்டரில் வந்தார். வழியில் ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம், "புடிச்சுக்க" என்றார்.

திங்கட்கிழமை அவள் நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் பாதத்தைத் தொட்ட உடனேயே அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா எக்ஸ்ரேம்மா?"

"ரெண்டரை வாரம் சார்."

"அப்பவே ஒரு படம் எடுத்திருந்தா இப்ப ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"எடுத்தேன் சார்."

"எங்க?"

"அழிச்சுட்டேன்."

டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "சீட்டு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என் மச்சான் இன்னும் உங்க பேரைச் சொன்னாலே பயப்படுறான் தெரியுமா" என்றபடியே அவர் சீட்டு எழுதினார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்காதது பெரிய மனசு.

மாலை ஷிஃப்ட் டெக்னீஷியன்தான் படம் எடுத்தார். அவளுடைய மேஜையில் அவளையே படுக்க வைப்பதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"மேல இருக்கற எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் சாய்ங்க. பத்து டிகிரி" என்றாள் அவள்.

"பேஷண்ட் பேசக் கூடாதுக்கா."

"கணுக்கால் பக்கம் சாய்ங்க."

"அக்கா, தயவுசெஞ்சு."

அவர் தடுப்புக்குப் பின்னால் போனார். பொத்தான் சத்தம் கேட்டது. ஈயக் கண்ணாடி வழியாக அவர் முகத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரையைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்க்காமல், சுவரை, கதவை, தன் கையை மட்டும் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன இருக்கு?"

"டாக்டர்கிட்ட கேட்டுக்குங்கக்கா."

உடைந்திருந்தால் மட்டும் அந்த வாக்கியத்தை இந்தக் குரலில் சொல்வார்கள். பத்தொன்பது வருஷமாக அவளும் இப்படித்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு, எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். எதிரில் படுத்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

இரண்டாவது எலும்பின் நடுவில் லேசாகப் பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு வெண்மை. உடைந்த இடத்தைச் சுற்றி எலும்பு தன்னைத்தானே ஒட்டவைக்கப் பார்த்த அடையாளம். இரண்டரை வாரமாக அது ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, அவள் அதன் மேலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆறு வாரம் கெட்டி அடி வைத்த ஷூ, ஓட்டம் கூடாது என்றார் டாக்டர்.

"பந்தயத்துல நடந்து முடிச்சா சார்?"

"கூடாது."

"கடைசி அஞ்சு கிலோமீட்டர் மட்டும்?"

"எக்ஸ்ரேம்மா, இப்ப பாதி விரிசல்தான். முழுசா விலகிப்போச்சுன்னா கம்பி வைக்கணும். அந்தப் படத்தையும் நீங்கதான் எடுக்கணும்."

வீட்டில் கொழுந்தன் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். "நான் குடுத்த ஷூதானே அண்ணி" என்றான், முகம் சுருங்கி.

"நீ ஒரு வருஷம்னு சொன்ன. நான் மூணு வாரம்னு எடுத்துக்கிட்டேன். உன்னைத் திட்டறதுக்கு எனக்கு வாயே இல்ல. என் போனை எடு, குரூப்புல நானே எழுதறேன்."

அதை எழுதி அழித்து எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் இவ்வளவுதான் போனது: எனக்கு வலது பாதத்துல விரிசல். இந்த வருஷம் ஓடல. வலி ஆரம்பிச்ச அன்னைக்கே படம் எடுத்து, நல்லா இருக்குன்னு நானே நம்பி, மேலயும் ஓடினேன். யாருக்காவது பாதத்துல ஒரே இடத்துல வலிச்சா தயவுசெஞ்சு நில்லுங்க.

அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தாள். யார் என்ன எழுதினார்கள் என்று இரண்டு நாள் பார்க்கவில்லை. பார்த்தபோது, குழுவில் இருந்த வங்கிக்காரர் ஒருவர் தனியாக எழுதியிருந்தார். எனக்கும் பத்து நாளா அப்படித்தான் இருக்கு, எந்த டாக்டரைப் பாக்கணும்?

பத்து வாரம் கழித்து, பழைய மெத்தை ஷூவைப் போட்டுக்கொண்டு ஆற்றோரச் சாலைக்குப் போனாள். ஒரு நிமிஷம் ஓட்டம், நாலு நிமிஷம் நடை, அப்படி ஐந்து தடவை. அதற்கு மேல் ஒரு விநாடிகூடக் கூடாது என்பது பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கு. கொழுந்தன் சைக்கிளில் கூடவே வந்தான், நிறுத்துவதற்கு.

முதல் பத்து அடி பயம்தான். தரை பாதத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும், இதுவா, இதுவா என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். இருபதாவது விநாடியில் தோள் இறங்கியது. நாற்பதாவது விநாடியில் மூச்சு சீரானது. அப்புறம் அந்தப் பழைய ஆசை உள்ளே தலை தூக்கியது, முன்னால் நாயோடு வேகமாக நடந்துபோன ஒரு பெரியவரைத் தாண்டிவிட வேண்டும் என்று. இன்னும் நாலே அடி.

"அண்ணி, டைம்."

கால் போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணி."

நின்றாள். பெரியவரும் நாயும் தூரமாகப் போனார்கள்.

"வலிச்சுதா?"

"தெரியல. பயத்துல ஒண்ணுமே தெரியல." அவள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். "நின்னுட்டேன் பாத்தியா?"

"ரெண்டாவது தடவை கூப்பிட்டதுக்கு அப்புறம்."

"அடுத்ததுக்கு முதல் தடவையிலயே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வாட்சில் நாலு நிமிஷம் வைத்து, நடக்க ஆரம்பித்தாள்.